வரி அறிவிக்கை: நிதி அமைச்சரின் அதிகாரம் எதுவரை?

தராசு:
சுங்க வரியை ஏற்றுவது, குறைப்பது எல்லாம் பெரும்பாலும் அரசிதழில் வரும் ஓர் அறிவிக்கையோடு முடிந்துவிடுகிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆம் பிரிவு. அப்புறம் நிதி அமைச்சகத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு? இதைச் சுருக்க வேண்டும் என்பது என் கருத்து.

துறைமுகத்தான்:
அந்த அதிகாரத்தைக் கொடுத்ததே நாடாளுமன்றம்தான். 2019-இல் புல்வாமா தாக்குதல் நடந்த இரண்டே நாளில் பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200% வரி வந்தது. அவசரத்தில் இறக்குமதி வரியை ஏற்ற அரசுக்கு அதிகாரம் தரும் 8ஏ பிரிவு சுங்கத் தீர்வைச் சட்டத்தில் இல்லையென்றால், நாடாளுமன்றம் கூடும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தராசு:
நானும் அந்த உத்தரவைத்தான் காட்ட நினைத்தேன். அது வெளியானது இரவு 8.46 மணிக்கு. அன்று அதற்கு முன்பே பழைய வரியில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம், தாக்கல் செய்தவர்களிடமும் 200% கேட்டார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 செப்டம்பர் ஆகிவிட்டது.

துறைமுகத்தான்:
சரி, வரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதானே சான்று? 2017 அறிவிக்கையின்படி கடல்வழிச் சரக்குக் கட்டணத்துக்கு இறக்குமதியாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டியும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதிகாரம் கொடுத்த மூலச் சட்டத்தோடு முரண்பட்டால் அறிவிக்கை நிற்காது.

தராசு:
ஐந்து வருடம் கழித்து!

கணக்குப்புலி:
ஒரு வித்தியாசத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். 8ஏ பிரிவில் வரியை ஏற்றினால், அறிவிக்கையை மக்களவையில் வைத்த 15 நாளுக்குள் ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வேறொரு சட்டமான சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வரி விலக்கு கொடுத்தால் அது தேவையில்லை. நாடாளுமன்ற அவைகளின் முன் 30 நாள் வைத்தால் போதும். இரு அவைகளும் சேர்ந்து மாற்றினால் ஒழிய அது அப்படியே நடப்பில் இருக்கும். ஆனால் விலக்கில் விட்டுக்கொடுக்கும் வரியும் பொதுப்பணம்தானே? அதே பொருளை உள்நாட்டில் தயாரிப்பவரின் பிழைப்பும் அந்த ஒரு கையெழுத்தில் அடங்கியிருக்கிறது.

துறைமுகத்தான்:
பருப்பு, சமையல் எண்ணெய் விலை எகிறும்போதும் வரியைக் குறைக்க ஓட்டெடுப்புக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

கணக்குப்புலி:
காத்திருக்க வேண்டாம். இன்றே குறைக்கட்டும். ஏற்றும்போது கேட்கிற ஒப்புதலை, அவை கூடியதும் இதற்கும் கேட்கட்டும்.

துறைமுகத்தான்:
சின்னச் சின்ன விலக்குக்கெல்லாம் தீர்மானம் என்றால் அவைக்கு வேறு வேலையே நடக்காது. 2021 திருத்தத்திலேயே கடிவாளம் போட்டாயிற்று. நிபந்தனையோடு கொடுக்கும் விலக்கில் வேறு தேதி சொல்லாவிட்டால், இரண்டு வருடம் முடிந்து வரும் மார்ச் 31-உடன் அது தானாகக் காலாவதி.

தராசு:
வேறு தேதி சொல்லாவிட்டால்! அந்தத் தேதியைக் குறிப்பதும் அமைச்சகம்தான். கெடு முடியும்போது நீட்டிப்பதும் அதே அமைச்சகத்தின் இன்னோர் அறிவிக்கைதான். இதில் நாடாளுமன்றம் எங்கே வருகிறது, சொல்லுங்கள்.