அப்பாவை வாயை ஊதச் சொன்ன நாள்

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை, தினம் 300 மில்லிகிராம் ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம், ரத்தத்தில் மருந்தின் அளவு, அதாவது லெவல், 8. 10-லிருந்து 20-க்குள் இருக்கணும், குறைவு என்று 400 ஆக்கினார்கள். அதே தாளில் கீழே ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.0, அதுவும் குறைவு. யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

பத்து நாள் கழித்து, குறுவைக்கு நாற்றுப் பறிக்கிற சமயம், வரப்பில் தள்ளாடிக்கொண்டு வந்தார். பேச்சு குழறியது. டம்ளரைத் திண்ணையில் வைக்கப்போய், ஒரு சாண் முன்னாலேயே காற்றில் விட்டுவிட்டார். குடியை விட்டு மூன்று வருஷம் ஆன மனிதர். "அப்பா, வாயை ஊதுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் ஊதினார். காபி வாசனை. கிட்டே போனபோதுதான் கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடிப்பதைப் பார்த்தேன். குடியில்லை, மருந்து மிஞ்சிவிட்டது.

குடந்தை மருந்துக்கடை:
100 மில்லிகிராம்தானே ஏற்றினார்கள் என்று நினைக்காதீர்கள். கல்லீரல் இந்த மருந்தை ஓரளவுக்குமேல் கரைக்க முடியாமல் திணறும். அப்புறம் கொஞ்சம் கூட்டினாலும் லெவல் எகிறிவிடும். சாதாரணமாக நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஆல்புமினில் ஒட்டிக்கிடக்கும். மூளையில் வேலை செய்வது ஒட்டாத பத்துதான். ஆய்வகம் இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. ஆல்புமின் இறங்கினால் ஒட்டியது குறைந்து மொத்தமும் குறைவாகத் தெரியும். ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி, 0.1 கூட்டி, அதால் லெவலை வகுங்கள்; ஆல்புமின் சரியாக இருந்தால் காட்டியிருக்கும் லெவல் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு 8-ஐ 0.5-ஆல் வகுத்தால் 16. ஏற்றவே வேண்டியதில்லை.

ஒரு அம்மா, லெவல் ஏறவில்லை, போலி மாத்திரையா என்று கடையில் சண்டைக்கு வந்தார். பில்லைக் காட்டி அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட்டைக் கேட்டு ஆல்புமினைப் பார்த்திருக்கணும்.

மாயவரத்து மருமகள்:
குடந்தை சார், அந்தக் கணக்கை எல்லோருக்கும் போடாதீர்கள். என் மாமியார் டயாலிசிஸ் செய்துகொள்பவர், அவருக்கும் இதே மருந்து. கணக்கில் சரி, ஆனால் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். சிறுநீரகம் போனால் சேர்கிற கழிவே மருந்தை ஆல்புமினில் ஒட்டவிடாது. அவர்களுக்கு 0.2 இல்லை, 0.1. கூடவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் அது வேறு இதை ஆல்புமினிலிருந்து தள்ளிவிடும், கணக்கே உதவாது. ஒட்டாத மருந்தை மட்டும் தனியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 1-லிருந்து 2 இருந்தால் போதும். தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். பழைய ரிப்போர்ட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்புறம் அப்பாவுக்குத் தினம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

வெண்ணாற்றங்கரை:
அப்பா முட்டை தொடமாட்டார். மருந்தைக் குறைத்ததும் நடை திரும்பிவிட்டது. இப்போதும் டம்ளரை என்னிடம் நீட்டும்போது முதலில் வாயை ஊதிக் காட்டுகிறார். விளையாட்டுக்குத்தான் என்கிறார் அம்மா.