வெல்டிங் பிளாண்டுக்கு 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன்: எந்த வயர் போடுவது?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

வணக்கம். வீட்டுக்கும் என்னுடைய கராஜுக்கும் இடையில் 30 மீட்டர் வரும். கராஜ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நாலு கப்பும் மேலே தகரமும்தான். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி, கேற், யன்னல் கம்பி என்று ஊர் வேலைகள் வருகின்றன. 200 அம்பியர் என்று எழுதிய சின்ன இன்வேட்டர் பிளாண்ட் வைத்திருக்கிறேன். சுருள் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் வீட்டு 13 அம்பியர் பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கிறேன். 10 கேஜ் ரொட் போட்டால் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது, மஞ்சள் லைட் எரிந்து மெசின் நின்றுவிடுகிறது, பிளக்கும் கபில நிறமாகிவிட்டது. இதே மெசினை அண்ணை வீட்டு விறாந்தையில், சுவர் பிளக்கில் நேரே செருகினால் வெண்ணெய் மாதிரி ஒட்டுகிறது. விற்ற கடையில் கேட்டால் மெசின் பழுது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில் (பரந்தன்)

வாங்காதீர்கள் தம்பி. அண்ணை வீட்டில் வேலை செய்கிற மெசினுக்கு உங்கள் வீட்டில் மட்டும் வருத்தம் வராது. எக்ஸ்டென்ஷன் வயரில் என்ன அளவு அச்சடித்திருக்கிறது? சுருளை முழுக்க அவிழ்த்துத்தான் பாவிக்கிறீர்களா? வோல்ட் மீற்றர் இருந்தால் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்: சும்மா இருக்கும்போது, ஒட்டும்போது வீட்டுப் பிளக்கில், ஒட்டும்போது வயரின் கடைசியில். ஒருவர் ஒட்ட இன்னொருவர் மீற்றரைப் பிடிக்கட்டும்.

பதில் (மாங்குளம்)

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நான் பழைய செம்புச் சுருள் பிளாண்டை வைத்து 20 வருடம் மெல்லிய வயரில்தான் ஒட்டினேன். கரண்ட் காணாவிட்டால் வீட்டுக் கரண்ட் மீற்றருக்கு முன்னால் சேர்விஸ் வயரில் கொழுவினால் முடிந்தது.

பதில் (பரந்தன்)

ஐயா, கோபிக்க வேண்டாம், அந்தக் கொழுவலை மட்டும் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் பிரேக்கரும் இல்லை, கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச்சும் இல்லை. கை பட்டால் நிறுத்த எதுவும் கிடையாது. சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன். சும்மா இருக்கும்போது 226 வோல்ட். ஒட்டும்போது வீட்டுப் பிளக்கில் 212, வயரின் கடைசியில் 189. வயரில் 3×1.0 என்று இருக்கிறது. சுருளைப் பாதிதான் அவிழ்ப்பேன், மீதி உருளையிலேயே கிடக்கும், தொட்டால் கொதிக்கிறது. ட்ரிப் சுவிச்சும் இடைக்கிடை விழுகிறது.

பதில் (பரந்தன்)

கள்ளன் பிடிபட்டான். வயரில் மட்டும் 23 வோல்ட் தின்னப்படுகிறது. 1.0 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு 19.5 ஓம் வரும். உங்களுக்குப் போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர், அதாவது 1.17 ஓம். 23ஐ அதால் பிரித்தால் ஏறக்குறைய 20 அம்பியர் ஓடியிருக்கிறது. நீங்கள் மெசினை 100, 110 அம்பியரில் வைத்து ஒட்டியிருப்பீர்கள், கணக்குச் சரியாக வருகிறது. இன்வேட்டருக்கு ஒரு குணம், வோல்டேஜ் இறங்க இறங்க அதே வேலைக்குக் கூடுதல் அம்பியரை இழுக்கும், அதனால் வயரில் இன்னும் இறங்கும். மஞ்சள் லைட் எரிவதும் ரொட் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

அதே 20 அம்பியருக்கு 1.5 போட்டால் 16 வோல்ட் போகும், 2.5க்கு 10க்குக் கொஞ்சம் கீழே, 4க்கு 6. நீங்கள் 4 போடுங்கள். 10ஐ விட மெல்லிய 12 கேஜ் ரொட்டுக்கு மேல் போவதே இல்லை என்றால் 2.5 தாங்கும். 80 அம்பியரில் வைத்தால் உள்ளே இழுப்பது 13, 14தான் வரும். காசு சேரும் வரைக்கும் அப்படியே ஒட்டுங்கள், வயரையும் முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுருட்டிய வயரில் காந்தம் உண்டாகிச் சூடாகிறது என்று ஒரு கதை உண்டு, அது பிழை. போகிற கரண்டின் காந்தத்தை வருகிற கரண்டின் காந்தம் அழித்துவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபடுவதுதான் காரணம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உறை உருகியிருக்கும்.

பிளக்கையும் மாற்ற வேண்டும். அதற்குள் இருக்கிற 13 அம்பியர் பியூஸ் 20 அம்பியருக்கு உடனே எரியாது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் பிளக்கின் பின் சுட்டுவிடும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, 20 அம்பியர் சி வகை பிரேக்கர் போட்டு, கராஜில் நீல நிற 32 அம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக் பேஸ் வையுங்கள். வயரை பிவிசி குழாய்க்குள் விட்டு ஆழமாகப் புதையுங்கள். நிலத்தின் மேல் கிடந்தால் என்றைக்காவது ஒருநாள் மண்வெட்டி விழும், இல்லாவிட்டால் உழவு இயந்திரம் ஏறும். வீட்டுச் சப்ளை 30 அம்பியர் என்றால் ஒட்டும் நேரத்தில் தண்ணி மோட்டரை நிறுத்துங்கள். போர்டில் இணைப்பதை மட்டும் லைசன்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள்.

வாங்கும்போது நுனியை உரித்துப் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் பூசிய செம்பு. 4 சதுர மில்லிமீட்டர் வளையும் வயர் என்றால் 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இழை 56 இருக்க வேண்டும், எண்ணிப் பார்ப்பது அவமானம் இல்லை.

பதில் (புதுக்குடியிருப்பு)

ட்ரிப் விழுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கடுப்பில் அதைக் கழற்றி நேரே கொடுத்துவிடாதீர்கள். இன்வேட்டர் மெசின்கள் கொஞ்சம் கரண்டை ஏர்த்துக்குக் கசிய விடும், அது 30 மில்லி அம்பியர் ட்ரிப்பை ஆட்டிவிடும். ஆனால் உருகிய வயரும் விழுத்தும், அதனால் முதலில் வயரை மாற்றிவிட்டுப் பாருங்கள். நமது பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஏர்த் கம்பி தனி. கோடையில் செம்மண் காய்ந்து வெடித்தால் அந்த ஏர்த் பெயருக்குத்தான். கம்பியடியில் தண்ணீர் ஊற்றினால் ஒருநாள் நிற்கும், இன்னொரு கம்பி ஆழமாக அடித்தால் நெடுநாள் நிற்கும். ஒட்டுகிற இரும்பில் கடிக்க வைக்கிற கிளாம்பை நாங்கள் ஏர்த் என்றுதான் சொல்வோம், ஆனால் அது ஏர்த் இல்லை, ஒட்டுகிற கரண்ட் திரும்பிப் போகிற வழி. அதை நம்பி மூன்றாவது பின்னை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாரி மழையில் ஈர நிலத்தில் நின்று ஒட்டாதீர்கள், ஒரு பலகையாவது போடுங்கள்.

ஊர்ப்பெயரிலேயே ஒட்டும் சூடும் இருக்கிற ஆள் வயர் சுடுகிறது என்று கேட்கிறார், சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

கேள்வி கேட்டவர்

சிரியுங்கள், பரவாயில்லை. வயர் செலவு வேண்டாம், பிளாண்டை வீட்டடியில் வைத்து ரொட் பிடிக்கிற கேபிளை 30 மீட்டருக்கு நீட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரி வருமா?

பதில் (பரந்தன்)

வராது. ரொட் பக்கம் ஓடுவது 110 அம்பியர். 16 மில்லி கேபிள் போட்டாலும் 8 வோல்ட் போகும், ஆர்க்கிலேயே இருப்பது 24 வோல்ட்தான். செம்புச் செலவும் கூட.

கேள்வி கேட்டவர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். 4 மில்லி இழுத்தாயிற்று, ஏர்த் கம்பியும் புதிதாக அடித்தோம். காலையில் 10 கேஜ் ரொட்டில் ஒட்டும்போது போர்டில் 214, கராஜில் 208. மஞ்சள் லைட் எரியவில்லை, ட்ரிப்பும் விழவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போர்டிலேயே 205தான் நிற்கிறது, அந்த நேரம் 12 கேஜுக்கு இறங்கிவிடுகிறேன். பழைய சுருளில் இப்போது ஒரு பல்ப் மட்டும் எரிகிறது.