அலுமினியப் பாய்மரத்தில் இறுகிப்போன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி?

உதவி கேட்பவர்:

ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப்படகு ஒன்றைச் செப்பனிட்டு வருகிறேன். பாய்மரத்தை இறக்கி மரக்கட்டைகளின் மேல் கிடத்தியிருக்கிறேன். பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைத்தண்டான பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் கூஸ்நெக் வார்ப்பு, தலை அமிழ்ந்த எம்6 (6 மி.மீ.) ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களால் நேரடியாக அலுமினியத்தில் வெட்டிய மரையில் பூட்டப்பட்டுள்ளது. தலைகளைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவின் காடி மழுங்கத் தொடங்கிவிட்டது. டபிள்யூடி-40 எண்ணெய் தெளித்து இரவு முழுவதும் விட்டும் அசைவில்லை. இதைத் தவிர, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடத்தை முறுக்கி இறுக்கும், முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸால் ஆன ஒரு டர்ன்பக்கிள் பாதியில் இறுகி நிற்கிறது. பக்கக் கம்பி வடத்தைப் படகோடு பிணைத்துத் தாங்கும் செயின்பிளேட் என்ற தகட்டின் போல்ட் ஒன்றில் பழுப்புக் கறை வழிகிறது. கேஸ் டார்ச் கொண்டு சூடாக்கலாமா என்பதே என் முதல் சந்தேகம்.

மறுமொழி – கடைசல்காரர்:

நண்பரே, டார்ச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்து மூன்றுக்கும் ஆகாது.

முதலில் கூஸ்நெக். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புநீர் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. அந்த அரிப்பில் பிறக்கும் வெண்பொடி, அழிந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கிடையே ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுகிறது. ஆகவே அந்தப் பொடியைக் கரைப்பதும் நொறுக்குவதும்தான் வேலை. எண்ணெய் அதைக் கரைக்காது. சாதாரண வினிகர் மெதுவாகக் கரைக்கும். பாய்மரம் கிடைமட்டமாக இருப்பது உங்களுக்கு வசதி: பாத்தி கட்டுவதுபோல ஒவ்வொரு தலையைச் சுற்றியும் புட்டிக் களிம்பால் சிறு வரப்பு எழுப்பி, அதில் வினிகரை ஊற்றி ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிட வேண்டும், ஏனெனில் அமிலம் தங்கினால் அதுவே புதிய அரிப்புக்கு வழி செய்யும்.

அடுத்தது சூடு. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரிகிறது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஏறத்தாழ 16 மைக்ரான்தான் விரிகிறது. எனவே ஸ்க்ரூவை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பாய்மரத்தைச் சூடாக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 6 மி.மீ. துளையில் 80 டிகிரி ஏற்றத்துக்கு 3 மைக்ரான் சொச்சமே இடைவெளி கிடைக்கும். அற்பமாகத் தோன்றினாலும், சூடாக்குவதையும் ஆற விடுவதையும் மாறி மாறிச் செய்தால் உள்ளே இறுகிய பொடி நொறுங்குவதற்கு அது போதும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னே தாராளம்: ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால் சுள்ளென்று கொதித்து மறையும் அளவுக்குச் சூடேறினால் நிறுத்திவிடுங்கள். 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீடித்துச் சூடாக்கினால் பதப்படுத்திய அலுமினியத்தின் பலம் குறையத் தொடங்கும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது.

சூடு இருக்கும்போதே, காடிக்கு அச்சாகப் பொருந்தும் பிட்டைப் போட்டு, சுத்தியலால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அடி பிட்டைக் காடிக்குள் அழுத்திப் பிடிக்கும் அதே நொடியில் திருகலும் நிகழ்வதால் தலை மழுங்குவதில்லை. முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள். கீச்சென்ற சத்தம் கேட்டால் பிடி விட்டதென்று பொருள். அதன்பின் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் பொடி முன்னால் குவிந்து மீண்டும் இறுகும்.

மறுமொழி – பாய்மரத்தோழர்:

மேற்சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. அசிடோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து ஊற்றும்படி சிலர் சொல்வார்கள். துருவேறிய இரும்பு போல்ட்டுகளுக்கு அது நல்ல கலவைதான். ஆனால் அசிடோன் எளிதில் தீப்பற்றும். பெயின்டையும் அக்ரிலிக் ஜன்னல்களையும் கெடுத்துவிடும். அதை ஊற்றிய இடத்தில் ஹீட் கன்னையோ டார்ச்சையோ பிடிக்கவே கூடாது.

டர்ன்பக்கிளைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரைக்குள் அழுத்தத்தோடு உரசும்போது மேற்பரப்பின் காப்புப் படலம் கிழிந்து, இரண்டு உலோகங்களும் உருகாமலேயே ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. அங்கே கரைப்பதற்கு எதுவும் இல்லை. வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கழற்றினாலும் மரை பிய்ந்துதான் வரும். பாய்மரத்தையே தாங்கும் ஒரு பொருளை அந்த நிலையில் மறுபடி மாட்டுவது முறையன்று. அறுத்தெடுத்துவிட்டு, வெண்கல உடலும் ஸ்டெயின்லெஸ் திருகும் கொண்ட புதியதைப் போடுங்கள். வேறுபட்ட உலோகங்கள் என்பதால் அவை இப்படிப் பற்றிக்கொள்வது அரிது.

உதவி கேட்பவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வினிகரும் சூடும் வேலை செய்தன. காடி மழுங்கிய அந்த ஒன்றைத் தவிர மற்றவை கழன்றுவிட்டன. அதற்கு, துளையிட்டு உள்ளே செருகித் திருப்பும் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் பயன்படுத்தலாமா? செயின்பிளேட்டையும் ஹீட் கன்னால் சூடாக்கலாமா?

மறுமொழி – கடைசல்காரர்:

இந்த அளவு ஸ்க்ரூவுக்கு எக்ஸ்ட்ராக்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் இறங்காது. மாறாக, தலையை மட்டும் துளையிட்டு நீக்குங்கள். நடுவில் பஞ்ச் அடித்து, கோபால்ட் பிட்டை மெதுவான வேகத்தில், நல்ல அழுத்தத்தோடு, வெட்டு எண்ணெய் விட்டு இறக்க வேண்டும். வேகமாக உரசவிட்டால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்திலேயே கெட்டிப்பட்டு, அதன்பின் பிட் வழுக்கிக்கொண்டே இருக்கும். தலை போனதும் வார்ப்பு தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதன் கனத்துக்கு நிகரான தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறுக்கமும் தளர்ந்திருப்பதால், மீண்டும் சூடாக்கி லாக்கிங் பிளையரால் பிடித்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். அதுவும் முடியாவிட்டால் 5 மி.மீ. துளை போட்டு மரை வெட்டும் எம்6 டேப் கருவியால் மரையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

மறுமொழி – பாய்மரத்தோழர்:

செயின்பிளேட்டுக்குச் சூடு கூடவே கூடாது. ஃபைபர் கிளாஸைப் பிணைத்திருக்கும் பாலியஸ்டர் ரெசின் 100 டிகிரியை எட்டுமுன்பே இளகத் தொடங்கிவிடும். தவிர, அந்தப் பழுப்புக் கறையே உங்களுக்கான சேதி: படகின் மேல்தளத்துக்குள் ஆக்சிஜன் கிடைக்காத ஈர இடுக்கில் ஸ்டெயின்லெஸ்ஸின் காப்புப் படலம் புதுப்பித்துக்கொள்ள முடியாமல், வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட் உள்ளே பாதியாக அரிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே போல்ட்டை மீட்பதைப் பற்றிக் கவலைப்படாமல், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பிப் பாருங்கள்; மசியாவிட்டால் நட் ஸ்பிளிட்டரால் பிளந்து, போல்ட்டைத் தட்டி வெளியேற்றி, எல்லாவற்றையும் 316 ரகத்தில் புதிதாக மாற்றிவிடுங்கள். பிளேட்டைத் துடைத்து, தளத்துக்குள் புதைந்திருந்த பகுதியிலும் துளைகளின் ஓரங்களிலும் வெடிப்பு உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். துளையைச் சுற்றியுள்ள தளத்தின் உள்மரம் நனைந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் மறுபடி பூட்டக் கூடாது.

கூஸ்நெக்கைத் திரும்பப் பொருத்தும்போது, மரைகளில் டூராலாக் அல்லது டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைப் பூசி, வார்ப்புக்கும் பாய்மரத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள். மரை இறுகாமலிருக்கப் பூசும், செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசையை அலுமினியத்தில் தடவ வேண்டாம். அது அரிப்பை மேலும் தூண்டும்.