புதுப்பிப்பு: பழைய எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்குள் ஹோம் தியேட்டர் பிசி, ஓட ஆரம்பித்துவிட்டது

ஓடாத முதல் மாடல் எக்ஸ்பாக்ஸ் (2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் வீடியோ கேம் கருவி) பெட்டியைக் காலி செய்து அதற்குள் டிவிக்கு ஒரு பிசி கட்டப் போகிறேன், மதுரை வெயிலுக்குச் சூடு தாங்குமா என்று கேட்டிருந்தேன் இல்லையா? கட்டியாச்சு, தாங்குது.

பவர் சப்ளையை உள்ளே வைக்காதே, வெளியே இருக்கும் 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் மதர்போர்டு வாங்கு என்று இங்கே சொன்ன அண்ணனுக்குப் பெரிய நன்றி. இன்டெல் என்100 சில்லு போர்டிலேயே ஒட்டி வருகிறது, 6 வாட் சில்லுதான், போர்டு 17 செ.மீ. சதுரம், அதனால் பெட்டிக்குள் பாதி இடம் காற்றுக்கே கிடைத்துவிட்டது. பின்னால் பழைய ஃபேன் இருந்த துளையில் மெதுவாகச் சுற்றும் ஒன்றை மாட்டியதோடு சரி. பின்பக்கத் தகட்டைப் பழங்காநத்தத்தில் ஒரு லேத் பட்டறையில் வெட்டி வாங்கினேன்.

கன்ட்ரோலரைச் செருகும் முன்பக்க போர்ட் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பிளக் வடிவம்தான் வேறு, உள்ளே ஓடுவது சாதாரண யூஎஸ்பி. அதிலிருந்து வரும் ஐந்து ஒயர்களில் மஞ்சளை விட்டுவிட்டு மற்ற நான்கையும் மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் சேர்த்தால் போதும், பழைய கன்ட்ரோலரை இந்த பிசியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் அப்படியே அடையாளம் கண்டுகொள்கிறது, அதுதான் இப்போது வீட்டில் ரிமோட்.

டிவியில் படம், பாட்டு ஓட்டும் மென்பொருள் 'கோடி' (Kodi). அது 2002-இல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்று இந்தப் பெட்டிக்காகவே பிறந்தது, கோடி என்ற பெயர் 2014-இல்தான் வந்தது. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஈஜெக்ட் பட்டன் ஒயரிங் மட்டும் பாக்கி, அதை டிவி நிறுத்தும் பட்டனாக மாற்றலாமா என்று பார்க்கிறேன், செய்தவர்கள் சொல்லுங்க.