ஏர்பேக் விளக்கு அணையவில்லை: பழுது இருக்கையின் அடியிலா, ஸ்டீயரிங்கிலா?

அனைவருக்கும் வணக்கம். சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு, எனது காரில் பத்து நாட்களாக அணையாமலே எரிகிறது. கீழே விழுந்த ஒரு நாணயத்தை எடுப்பதற்காக ஓட்டுநர் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிய அன்றுதான் இது தொடங்கியது என்பதால், இருக்கையின் அடியில் ஏர்பேக் அமைப்பின் கம்பிகளை இணைக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர் தளர்ந்திருக்குமோ என்பதே எனது முதல் ஐயம். அதை லேசாக அசைத்துப் பார்த்தபோது விளக்கில் மாற்றம் இல்லை. ஆனால் காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை அழிக்கும்வரை பல கார்களில் விளக்கு அணையாது என்பதால், இதை வைத்து மட்டும் முடிவுக்கு வர இயலவில்லை. இக்குறியீடுகளைப் படிக்க என்னிடமுள்ள மலிவான ஸ்கேனரோ எஞ்சின் பழுதுகளை மட்டுமே காட்டுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பும்போது சில வேளைகளில் ஹாரன் ஒலிப்பதில்லை. ஸ்டீயரிங்குக்கு மின் இணைப்பைக் கொடுக்கும், உள்ளே சுருண்டிருக்கும் நாடாக் கம்பியான கிளாக் ஸ்பிரிங் பழுதானால் ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்தே பாதிக்கப்படலாம் என்பதை அறிவேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் அமைப்பின் மின்தேக்கியில் எஞ்சிய மின்சாரம் வடிவதற்காகக் கையேட்டில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்த பின்னரே எதையும் தொடுவேன். ஏர்பேக்கை வெடிக்கச் செய்துவிடலாம் என்பதால், அதன் இணைப்புகளில் மல்டிமீட்டரை வைக்கும் எண்ணமே இல்லை.

கனெக்டரைத் துடைத்துப் பூட்டிப் பார்ப்பதா, ஏர்பேக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை முதலில் தேடுவதா? கிளாக் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றியவர்கள், அதை நடுநிலையில் பொருத்திய முறையையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.