பிரிந்தால் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) போய்விடுமா? ஸ்பொன்சரில் கனடா வந்தவள் கேட்கிறேன்

தீவகத்துப் பிள்ளை:
வணக்கம், யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். நான் கலியாணம் கட்டி, கணவர் ஸ்பொன்சர் செய்து வந்தவள். பியர்சன் விமான நிலையத்தில் லாண்டிங் ஆகி, அதாவது வந்திறங்கிப் பிஆர் ஆகி, ஒன்றரை வருடம், மகளுக்கு எட்டு மாதம். ஸ்காபரோவில் மாமா மாமியோடு ஒரே வீடு. வந்து கொஞ்ச நாளிலேயே பிரச்சினை தொடங்கிவிட்டது, முழுவதையும் இங்கே எழுத முடியாது, அவர் கை நீட்டுவதும் உண்டு. பிரிந்து போகிறேன் என்றால் ஒரே பதில்தான்: "நான்தான் உன்னைக் கூப்பிட்டது. இமிக்ரேஷனுக்கு ஒரு கடிதம் போட்டால் அடுத்த பிளைட்டில் நீ ஊரில்." என் பிஆர் கார்டும் பாஸ்போர்ட்டும் மாமியின் அலுமாரியில் இருக்கின்றன, சாவி அவருடைய கைப்பையில். இப்போது என் தம்பியின் கலியாணம் வருகிறது, நீ போய் மூன்று மாதம் அம்மாவோடு இருந்துவிட்டு வா, பிள்ளை இங்கே நிற்கட்டும் என்கிறார்கள். இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பிஆர் போய்விடும் என்று ஒரு சட்டம் இருக்கிறதாமே, உண்மையா?

மார்க்கம் அண்ணன்:
தங்கச்சி, அந்தச் சட்டம் இருக்கிறது. என் மைத்துனி வந்தபோது அவளுடைய பிஆரில் அந்த நிபந்தனை இருந்தது, அவள் அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். இன்னும் ஆறு மாதம்தானே, பொறுத்திருந்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

கமலி அக்கா:
அண்ணன், நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் அது பழைய கதை. 2012 ஒக்டோபரில் கொண்டுவந்தார்கள், 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டும் பெண்கள் வெளியே வரப் பயப்படுகிறார்கள் என்பதுதான் அதை எடுத்ததற்கு முக்கியமான காரணம். இன்றைக்கும் நம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

தங்கச்சி, வடிவாக வாசியுங்கள். லாண்டிங் ஆன அன்றைக்கே பிஆர் உங்களுடையது. அவர் கொடுத்ததில்லை, அரசாங்கம் கொடுத்தது, அதனால் அவரால் திருப்பி எடுக்க முடியாது. பிரிந்தாலும் விவாகரத்து எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். கார்ட் அவர்களின் அலுமாரியில் இருப்பதால் உங்கள் உரிமை அலுமாரிக்குள் போய்விடாது, தொலைந்தால் எப்படிப் புதிய கார்டுக்கு விண்ணப்பிப்போமோ அப்படியே விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்கும் ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்ததைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள், கணவரோடு இருந்தீர்களா என்று பார்ப்பதில்லை.

கடிதம் எழுதுவேன் என்கிறாரே, எழுதட்டும். பிஆருக்காகப் பொய்க் கலியாணம் செய்தாள் என்று யாராவது முறையிட்டால் அவர்கள் விசாரிக்கலாம், பொய் என்று நிரூபணமானால்தான் பிஆர் போகும், ஐந்து வருடத் தடையும் வரும். ஆனால் அதற்கு விசாரணை உண்டு, நீங்கள் பதில் சொல்லலாம், அப்பீலும் உண்டு. ஒரு கடிதத்தில் யாரையும் பிளைட் ஏற்ற முடியாது. அதோடு, இது உண்மையான கலியாணம் என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர் அவரும்தானே! உங்களிடம் உள்ள கலியாணப் படங்கள், வாட்ஸ்அப் பேச்சுகள், இரண்டு பேரின் பெயரிலும் வந்த வங்கிக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து அவருக்குத் தெரியாத ஒரு ஈமெயிலுக்கு இன்றைக்கே அனுப்பி வையுங்கள்.

அப்புறம் அந்தப் பயணம். தயவு செய்து போக வேண்டாம். கார்ட் கையில் இல்லாமல் கொழும்பில் நின்றால் பிளைட் ஏறுவதற்கே தூதரகம் மூலம் பயண ஆவணம் எடுக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் பிள்ளை அவர்களோடு இருந்து பழகிவிடும், நாளைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் அது உங்களுக்குப் பாதகம்.

வன்னி மகள்:
கமலி அக்கா சொன்னது பிஆர் கிடைத்தவர்களுக்கு. இதை வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதற்காக என் கதையைச் சொல்கிறேன். நான் விசிட்டர் விசாவில் வந்து கனடாவுக்குள் இருந்தே ஸ்பொன்சருக்குப் போட்டவள், முடிவு வருவதற்கு முன்பே அவர் ஸ்பொன்சரை விலக்கிக்கொண்டார். பிஆர் கையில் வரும்வரை அவர்களால் அப்படிச் செய்ய முடியும், விண்ணப்பமும் அதோடு போய்விடும். அன்றிரவு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விடியும்வரை அந்த ஈமெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கும் வழி இருந்தது. வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று 2019 ஜூலையிலிருந்து தனியாக ஒரு தற்காலிக அனுமதி இருக்கிறது, குறைந்தது ஆறு மாதத்துக்கு, அதற்குக் கட்டணமும் இல்லை, அதோடு வேலை பெர்மிட்டும் எடுக்கலாம். பிறகு மனிதாபிமான அடிப்படையில் பிஆருக்குப் போட்டேன். ஊரில் கேள்விப்பட்டவர்களின் பேச்சைக் கேட்காமல் லோயரிடம் போனதால்தான் தப்பினேன்.

ஏஜாக்ஸ் ரவி:
நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், நான் ஸ்பொன்சர் செய்து பிறகு பிரிந்தவன். பிஆர் கிடைத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு அவருடைய அடிப்படைச் செலவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தேன். விவாகரத்து ஆனாலும் அது ஓயாது, அந்தக் காலத்தில் அவர் வெல்ஃபெயர் (அரசாங்க உதவிக்காசு) எடுத்தால் அரசாங்கம் அந்தக் காசை என்னிடம் கேட்கும். 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கடனை வசூலிக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே தங்கச்சி, தேவைப்பட்டால் உதவிக்காசு எடுக்கத் தயங்க வேண்டாம், அதனால் உங்கள் பிஆருக்கு ஒன்றும் ஆகாது, பில் போவது அவருக்குத்தான். இன்னொன்று, மறுமணம் செய்தால் புதுக் கணவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட, உங்களுக்குப் பிஆர் கிடைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் பொறுக்க வேண்டும்.

மார்க்கம் அண்ணன்:
கமலி, நன்றி. மைத்துனி வந்தது 2013இல், சட்டம் மாறியது எனக்குத் தெரியாது. தங்கச்சி, நான் பொறுத்திருக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள். அடிக்கிற வீட்டில் ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

தீவகத்துப் பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. மகளைத் தூங்கவைத்துவிட்டுக் குளியலறையில் இருந்து இதை வாசித்தேன், இரண்டு தரம் வாசித்தேன். கலியாணத்துக்கு வரவில்லை என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன், அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா, லோயருக்குக் கொடுக்க என்னிடம் காசு இல்லை. எங்கே போவது?

கமலி அக்கா:
211க்கு அடியுங்கள், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தொலைபேசி எண் அது, தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் லீகல் எய்ட் ஒன்ராறியோவிடமும் கேளுங்கள், வீட்டில் அடி நடக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வருமானம் குறைந்த தெற்காசியர்களுக்கென்றே ரொறன்ரோவில் சவுத் ஏசியன் லீகல் கிளினிக்கும் இருக்கிறது. மறுபடி கை நீட்டினால் 911. பாஸ்போர்ட்டுக்காக நீங்கள் தனியாக அந்த அலுமாரிக்குக் கிட்டப் போக வேண்டாம், வெளியேறும் நாளில் கூட வந்து நிற்கச் சொல்லிப் பொலிசைக் கேட்கலாம். மகளின் தடுப்பூசி அட்டையை மட்டும் இப்போதே உங்கள் பையில் எடுத்து வையுங்கள்.