எனக்கு வெள்ளி-சனி லீவு, அவருக்கு சனி-ஞாயிறு: இந்த மழை மாதத்தில் சனிக்கிழமையை எப்படிக் காப்பாற்றுவது?

பிறை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில், செபராங் ஜெயா பக்கம். நான் பக்கத்து மாநிலமான கெடாவில், சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கில் சனியும் ஞாயிறும். வடக்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை நான் வீட்டில், அவர் வேலையில். ஞாயிறு காலை நான் பள்ளியில் சபைகூடலில் நிற்பேன், அவர் வீட்டில் இருப்பார். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

மற்ற மாதங்களில் எப்படியோ ஓடிவிடுகிறது. ஐப்பசி பிறந்தால்தான் திண்டாட்டம். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் புக்கிட் மெர்தாஜாம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும், அப்புறம் இடி, மழை, சில நாள் ராத்திரி வரைக்கும். அவர் மோட்டார் சைக்கிளில்தான் தீவுக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறார். மோட்டாருக்கு டோல் இல்லை, காரில் போனால் ஜேமில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது பாலத்தின் நடுவில் அவர் இருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அடுப்படியில் கை ஓடாது. போன வாரம் சண்டை போட்டுத்தான் ஃபேக்டரி பஸ்ஸில் போக வைத்தேன். பஸ் சுற்றிக்கொண்டு வருவதால் வீடு சேர ஏழரை, எட்டு ஆகிவிடுகிறது.

துணி காய்வதில்லை. பின்புறம் தகரக் கூரைக்கு அடியில் கொடி கட்டியிருக்கிறோம். அவருடைய வேலைச் சட்டை கெட்டித் துணி. முதுகெல்லாம் காய்ந்திருக்கும், பையும் காலரும் மட்டும் ஈரமாகவே இருக்கும், அதில்தான் அந்த மக்கின வாடை பிடிக்கும். பையை வெளியே இழுத்துவிட்டு, காலரை நிமிர்த்தி, ராத்திரி முழுக்க ஸ்டாண்டு ஃபேனைத் திருப்பி வைக்கிறேன். சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் துணியையும் துவைத்து, மழைக்கு முன்னால் காயவைத்து எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

மிச்சப் பாதியை விருந்துகள் எடுத்துக்கொள்கின்றன. தீபாவளி முடிந்தும் வாராவாரம் யார் வீட்டிலாவது திறந்த இல்ல விருந்து, வருகிற எல்லோருக்கும் சாப்பாடு. மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நெருக்கி நெருக்கி நாள் பார்க்கிறார்கள். தாலி கட்டுவது பெரும்பாலும் ஞாயிறு காலை, வரவேற்பு சனி இரவு. ஞாயிறு எனக்குப் பள்ளி. அதனால் சனி இரவுக்குப் போயே ஆக வேண்டும். பத்திரிகையில் ஏழு மணி என்று போட்டிருக்கும், மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒன்பது தாண்டிவிடும். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. வீடு திரும்பிப் படுக்க நள்ளிரவு. விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு அலாரம்.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிறு மத்தியானம் நான் வரும்போது நெத்திலி சம்பாலும் கங்கோங் கீரையும் செய்து மூடி வைத்திருப்பார், நான் வரும்வரை சாப்பிடவும் மாட்டார். ஆனால் நான் தூக்கம் தள்ளத் தள்ளச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். கல்யாணமான புதிதில் நாங்கள் எவ்வளவு பேசுவோம்! இப்போது பேச்செல்லாம் தண்ணீர் பில், துணி எடுத்தாச்சா, யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்பதோடு சரி. இது இப்படியே பழகிவிடக் கூடாது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பினாங்குக்கு இடமாற்றம் கேட்டிருக்கிறேன். அது கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை வாழ வேண்டும் அல்லவா? உங்களில் யாராவது இப்படி இரண்டு மாநில விடுமுறைக்கு நடுவில் குடும்பம் நடத்தியிருந்தால், அந்த ஒரு நாளை எப்படி வைத்துக்கொண்டீர்கள்? சொந்தபந்தத்திடம் என்ன சொன்னீர்கள்?

பாகான் வாசி:

டீச்சரம்மா, நான் ஓய்வு பெற்றவன். என் மனைவி கூலிம் பக்கம் வேலை பார்த்தார், அதாவது உங்களைப் போலவே கெடா லீவு. எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன், ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களில் நாள் என்பது மத்தியானம் இரண்டு மணியோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஐப்பசி மழை பெரும்பாலும் மாலை மழைதான், காலை உங்களுடையது. நாங்கள் சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவோம். செரோக் தொக்குன் காட்டில் ஒரு நடை. மரத்தடியில் ராத்திரி பெய்த ஈரம் அப்படியே இருக்கும், அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கொண்டு போங்கள். திரும்பும் வழியில் சாய் லெங் பார்க் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தால் பத்து மணிகூட ஆகியிருக்காது.

இன்னொன்று ஃபெரி. 2023 ஆகஸ்டில் புது ஃபெரி வந்ததிலிருந்து கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான். அதுவே நல்லதாகப் போயிற்று. ஃபெரி ஜெட்டியை ஒட்டிய பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையத்தில் காரை விட்டுவிட்டு நடந்தே ஏறிவிடலாம். அந்தப் பக்கம் தீவில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு (1833-இல் எழுந்த கோயில், பினாங்கில் நம்மவர் கோயில்களில் மிகப் பழையது), வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, இடி இடிப்பதற்குள் திரும்பிவிடலாம். ஃபெரியில் மேல்தட்டுக் காற்றில் நிற்கிற அந்த நேரத்தில் ஃபோனை எடுக்காமல் இருந்தால் போதும், பேச்சு தானாக வரும்.

மழையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. நாங்கள் தீவில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தோம். ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். மறுநாள் தீவிலும் செபராங் பிறையிலும் வீடு வீடாக வெள்ளம். மாமியார் தனியாக இருந்தார், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம்தான் அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது. அந்த நன்றியை இன்றுவரை மறக்கவில்லை. அதன் பிறகு நவம்பரில் மாலை விருந்து என்றால் நான் வரமாட்டேன் என்றே சொல்லிவிடுவேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. உங்கள் வீட்டுக்காரரை பஸ்ஸிலேயே போகச் சொல்லுங்கள்.

முன்னாள் ஜொகூர்க்காரி:

தோழி, இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன். 2014-இல் ஜொகூர் வெள்ளி-சனி விடுமுறைக்கு மாறியபோது நாங்கள் ஜொகூர் பாருவில். நான் அரசாங்க அலுவலகத்தில், அவர் சிங்கப்பூரில் சனி-ஞாயிறு லீவு. 2025 ஜனவரியில் ஜொகூர் திரும்ப சனி-ஞாயிறுக்கு வந்துவிட்டது, ஆனால் எங்கள் நல்ல வயதெல்லாம் அந்தப் பழைய கணக்கில்தான் போனது. அதனால் நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது தொண்டை அடைத்தது.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஏற்பாடு: அழைப்புகளைப் பிரித்துக்கொண்டோம். எல்லா இடத்துக்கும் ஜோடியாகப் போக வேண்டும் என்ற சட்டத்தைக் கைவிட்டோம். ஞாயிறு காலை தாலி கட்டுக்கு அவர் போய் நின்று, மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வருவார். குடும்பத்தின் சார்பில் ஒரு ஆள் முகூர்த்தத்துக்கே வந்தாயிற்று, அதைவிடப் பெரிய மரியாதை என்ன? வெள்ளிக்கிழமை நான் திறந்த இல்லம் வைத்த வீடுகளுக்குப் பகலிலேயே போய்விடுவேன். பெரிய விருந்து நாளில் போகவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை, தனியாகப் போனால் வீட்டுப் பெண்களுக்கும் நம்மோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அத்தை, சித்தப்பா, உடன்பிறந்தார் பிள்ளைகள் கல்யாணம் என்றால் மட்டும் சனி இரவு. மற்றதற்கு இல்லை.

தாமான் அக்கா:

மேலே சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் புருஷன் தனியாகக் கல்யாணத்துக்கு வந்தால், "ஏன், அவ வரலையா? ஏதாவது பிரச்சினையா?" என்று பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். மாமியார் காதுக்குப் போகும்போது அது வேறு கதையாகியிருக்கும். டீச்சர், முதலில் மாமியாரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தால் கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார். துணிக்கு ஒரு யோசனை: சனிக்கிழமை துவைக்காதீர்கள். அவருடையதை ஞாயிறு காலை அவரே துவைக்கட்டும், உங்களுடையதை வெள்ளி காலை நீங்கள். அவசரத்துக்கு, காசு போட்டுக் காயவைக்கிற டோபிக் கடை இப்போது எல்லாத் தாமானிலும் (குடியிருப்பிலும்) இருக்கிறதே.

மனிதவளம்:

சகோதரி, நீங்கள் உங்கள் இடமாற்றத்தையே எதிர்பார்த்திருக்கிறீர்கள், உங்கள் கணவர் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில், வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் காரணத்தையும் சொல்ல வேண்டும். கேட்கிற உரிமைதான், கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்கலாம்.

வாராந்திர ஓய்வுநாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் கிடையாது. அவர் ஞாயிறு வேலைக்கு வந்து வெள்ளி ஓய்வு எடுக்கிறேன் என்று கேட்டால், ஏழு நாளும் இயந்திரம் ஓடும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கு அது உதவியாகவே இருக்கலாம், ஞாயிறு ஆள் கிடைப்பதுதான் பல இடங்களில் சிரமம். கடிதத்தில் வீட்டுக் கஷ்டத்தை நீட்டி எழுத வேண்டாம். எந்த நாள், எந்த ஷிஃப்ட், தன் இடத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஓய்வுநாள் வெள்ளிக்கு மாறினால் ஓய்வுநாள் சம்பளக் கணக்கும் வெள்ளிக்கு மாறும். இப்போது ஞாயிறு ஓவர்டைம் பார்க்கிறார் என்றால் கையில் வரும் தொகை குறையலாம். அதை முதலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

லீட்ஸிலிருந்து:

நான் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள், இப்போது இங்கிலாந்தில். இங்கே இப்போது இலையுதிர் காலத்தின் கடைசி. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள், சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வெளியே வந்தால் வெளிச்சமே கிடையாது. நானும் கணவரும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வெளி வேலையை முடித்துவிட்டு, இருட்டியதும் ஒன்றாகச் சமையல் செய்கிறோம். அவர் தேங்காய் துருவுவார், நான் இடியாப்பம் பிழிவேன். இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கும்படி ஒரு வேலை இருந்தால் பேச்சு வந்துவிடுகிறது. அவர் உங்களுக்காக ஞாயிறு சமைத்து வைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சனி மழையில் அந்தச் சம்பாலை இரண்டு பேரும் சேர்ந்து அரைத்துப் பாருங்கள். அந்தச் சாயங்கால மழைச் சத்தத்தை நான் எவ்வளவு தேடுகிறேன் தெரியுமா!

பிறை டீச்சர்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்.

ஜொகூர் அக்கா சொன்னபடி அழைப்புகளைப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். கார்த்திகையில் இரண்டு கல்யாணம் இருக்கிறது. ஒன்று அவர் பெரியம்மா பேத்தியுடையது, அதற்குச் சேர்ந்து போவோம். இன்னொன்றுக்கு ஞாயிறு காலை அவர் மட்டும். தாமான் அக்கா எச்சரித்தது சரிதான், அதனால் நேற்றே அத்தையிடம் பேசினேன். "நானே சொல்லணும்னு நெனச்சேன், நீ எளைச்சுப் போயிட்ட" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிறு துணி இனி அவர் பொறுப்பு, ஒப்புக்கொண்டார்.

வேலை நாள் மாற்றத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறாக இருக்கிறது. சில ஞாயிறுகளில் மட்டும் அவர் பார்க்கும் ஓவர்டைமில் வரும் பணத்தைத்தான் கார் தவணைக்குக் கட்டுகிறோம், அதை விட அவருக்கு மனமில்லை. பஸ்ஸில் போய்வந்து மோட்டார் பெட்ரோல் மிச்சமானால் எவ்வளவு ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வியாழன் இரவு உட்கார்ந்து கடிதத்தின் வரைவையாவது எழுதிவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பாகான் ஐயாவுக்கு ஒரு கேள்வி: இந்தச் சனிக்கிழமை ஃபெரியில் போகலாம் என்று இருக்கிறோம். திரும்பும்போது கூட்டம் எப்படி இருக்கும்?

பாகான் வாசி:

காலையில் தாராளமாக இடம் கிடைக்கும். மத்தியானம் வானம் கறுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜெட்டிக்கு ஓடிவருவார்கள், நீங்கள் ஒரு மணிக்கே வந்து வரிசையில் நின்றுவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைகளில் பன்னிரண்டுக்கு மேல் உட்கார இடம் பிடிப்பது கஷ்டம், பதினொன்றரைக்கே இலை போடச் சொல்லுங்கள். குடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஜெட்டியில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும்.